மலையடிவாரத்துப் பள்ளிக்கூடம்

திருமங்கலத்திலிருந்து தென்காசி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் அண்ணன் தம்பியைப் போல அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். மேற்கே மலைத்தொடர் வழி நெடுகக் கூடவே வருகிறது. முன்னது கோயில் ஊர். பதினொரு நிலைகளுடன் 192 அடி உயர்ந்து நிற்கும் அதன் கோபுரத்தைக் காணாமல் அவ்வூருக்குள் நுழைய இயலாது. அவ்வூர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பின்னது ஆலை ஊர். அதனை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் காயக்கட்டுத் துணி எத்தனையோ மருத்துவமனைகளுக்குச் செல்கிறது. இவ்வூர்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இவற்றோடு நிறுத்திக்கொள்வர். நாம் எழுத வந்ததோ, இச்சாலையிலிருந்து சற்றே உள்ளடங்கி, ஒரு தென்னந்தோப்பின் ஓரமாக நடைபெறும் சிறியதொரு பள்ளியைப் பற்றி. பிள்ளைகளின் நலன் கருதி அதன் பெயரைக் குறிப்பிடவில்லை.

அங்கே செல்ல நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நமக்குத் தெரிந்த ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பதினொரு வயது மகன் ஒருவன் இருக்கிறான். அறிவுசார் குறைபாட்டுடன் பிறந்தவன். விருந்தினர் வந்தால் அவனை உள்ளறைக்கு அனுப்பிவிடுவார்கள். அவனைப் பள்ளியில் சேர்ப்பது பற்றித் தாயார் பேச்செடுத்தபோது தகப்பனார், “எதற்கு சாமி, பணமும் பாடும் வீண்தானே? இவனுக்கு என்ன புரியப் போகிறது?” என்றார். கல்நெஞ்சத்தால் சொன்னதன்று, களைத்துப்போன மனம் சொன்னது. “நீங்களாவது ஒருமுறை பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் சாமி” என்று தாயார் கேட்டுக்கொண்டார்.

நாம் சென்றபோது சட்டைப் பொத்தான் போடும் பாடம் நடந்துகொண்டிருந்தது. அதை நாம் ஒரே வேலை என்று எண்ணுகிறோம். ஆசிரியையோ அதனைப் பல படிகளாகப் பிரித்து எழுதி வைத்திருக்கிறார். துளையைத் தேடுதல், பொத்தானை இரு விரல்களால் பிடித்தல், அதன் விளிம்பைத் துளையில் நுழைத்தல், மறுபக்கம் எட்டிப் பார்ப்பதைப் பற்றி இழுத்தல் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. இதில் வியப்பு யாதெனில், அவர் முதற்படியிலிருந்து தொடங்குவதில்லை! முற்படிகளையெல்லாம் தாமே செய்து முடித்து, பாதி நுழைந்து நிற்கும் பொத்தானை இழுக்கும் கடைசிப் படியை மட்டும் பிள்ளையிடம் விடுகிறார். அது கைவந்த பின்னர் கடைசி இரண்டு படிகள், பின்னர் மூன்று. முதல் நாளிலிருந்தே வேலையை முடித்தவன் அந்தப் பிள்ளையாகவே இருக்கிறான். தோற்றுத் தோற்றே பழகிய குழந்தைக்கு இதனினும் சிறந்த மருந்து வேறுண்டோ?

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குறிப்பேடு. அதில் மதிப்பெண் கிடையாது. கையைப் பிடித்துச் செய்வித்தால் செய்கிறானா, வாயால் சொன்னால் செய்கிறானா, தானாகவே செய்கிறானா என்பது மட்டுமே எழுதப்படுகிறது. ஒரு படியிலிருந்து அடுத்ததற்கு ஏறுவதற்குள் சில பிள்ளைகளுக்கு ஒரு பருவமே கழிந்துவிடுகிறது. பால்கோவா கிண்டுகிறவர் கரண்டியை விட்டுக் கையை எடுத்தால் பால் அடிபிடித்துவிடும். இங்கேயும் விடுமுறை நீண்டால் கற்றது நழுவிவிடுகிறது என்றார் ஆசிரியை. வீட்டார் தொடர்ந்து செய்ய வேண்டிய பங்கு பெரிது என்பதற்காகவே அதைச் சொன்னார்.

அடுத்த அறையில் கடை நடக்கிறது. சோப்பு, பென்சில், பிஸ்கட் பொட்டலம் முதலியவை அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. ஒரு பிள்ளை விற்கிறது, மற்றொன்று வாங்குகிறது. நோட்டை நிறத்தால் அடையாளம் காணக் கற்றுக் கொடுத்தால் எளிதாயிருக்குமே என்று கேட்டோம். ஆசிரியை நகைத்து, இரண்டு நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்துக் காட்டினார். ஒன்று நீலச்சாயல் கொண்ட பழையது, மற்றது 2018-இல் வெளிவந்த ஊதா. இரண்டும் செல்லும். பத்து ரூபாய் நோட்டிலும் இவ்வாறே இரு நிறங்கள். நிறத்தை நம்பிய பிள்ளை கடைவீதியில் திகைத்து நின்றுவிடும். ஆகவே எண்ணைப் பார்க்கவே பழக்குகிறார்கள். பத்து ரூபாய் நாணயம் அதைவிடத் தொல்லை. புழக்கத்திலுள்ள 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-இல் அறிவித்த பின்னரும் அதை வாங்க மறுக்கும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். பிள்ளை சரியாகவே கொடுக்கிறது, கடைக்காரர் தலையை ஆட்டுகிறார். இதில் கற்றுக்கொள்ள வேண்டியவர் யார் என்பதை வாசகர்களே முடிவு செய்யட்டும்.

பேருந்துப் பலகையும் ஒரு பாடமே. ‘ஸ்ரீ’ என்னும் எழுத்தை ஒரு படமாகவே மனத்தில் பதித்துக்கொண்டு, அது இருந்தால் வீட்டுக்குப் போகும் வண்டி என்று அறிகிற சிறுமி ஒருத்தியைக் கண்டோம். அவளுக்கு அரிச்சுவடி முழுதும் தெரியாது. ஆயினும் அவள் படிக்கிறாள் என்றே சொல்லுவோம்.

எழுத்து கற்பிக்க அங்கே உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைப் பயன்படுத்துகிறார்கள். பிள்ளைகள் விரலால் தடவித் தடவி வடிவத்தை அறிகின்றன. நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதிய வழக்கம் நினைவுக்கு வருகிறதன்றோ? இந்த உப்புத்தாள் எழுத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இதனை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அம்மையார் கத்தோலிக்கர், மருத்துவர். 1900-ஆம் ஆண்டையொட்டி உரோமையில், அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளிடையே அவர் பணியாற்றினார். அவர்களுக்கெனக் கண்ட வழிகளையே 1907-இல் ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குத் தொடங்கிய இல்லத்திலும் கையாண்டார். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்த அவரைப் போர் இந்தியாவிலேயே நிறுத்திவிட்டது. 1942 முதல் 1944 வரை, இம்மலைகளுக்கு வடக்கே உள்ள கொடைக்கானலில் தங்கிப் பணி செய்தார். இன்று வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் பெரும் கட்டணம் கொடுத்துச் சேரும் மாண்டிசோரிப் பள்ளிகளின் மூலம், யாரும் வேண்டாத அந்த உரோமைக் குழந்தைகளிடம் இருக்கிறது. அவர்கள் கற்க மட்டும் இல்லை. உலகுக்குக் கற்பித்தும் இருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைப் பிரித்துக் காட்ட வேண்டும். அறிவாற்றல் குறையாமலிருந்தும் எழுத்தும் எண்ணும் மட்டும் பிடிபடாத பிள்ளைகள் உண்டு. அது கற்றல் குறைபாடு. சோம்பேறி என்று அடிபடுகிறவர்களில் பலர் இவர்களே. இவர்களுக்கு உரிய இடம் பொதுப் பள்ளிதான். தக்க சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும் கிடைக்கும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரு வகையினரையும் தனது 21 பிரிவுகளில் சேர்த்திருக்கிறது. நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு ஆறு முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி அச்சட்டம் தரும் உரிமை, பிச்சையன்று. அடையாள அட்டை வாங்கினால் ஊரறிந்துவிடும் என்று அஞ்சி, பிள்ளைக்கு உரியதை இழக்கும் பெற்றோரைக் காணும்போது வருத்தமாயிருக்கிறது.

ஊர் திரும்பியதும் அத்தகப்பனாரிடம் பொத்தான் பாடத்தையே சொன்னோம். சட்டத்தையும் சொல்லவில்லை, மாண்டிசோரியையும் சொல்லவில்லை. அவர் வெகுநேரம் பேசாமலிருந்து, “கடைசிப் படியிலிருந்தா?” என்று மட்டும் கேட்டார். மறுவாரம் மகனை அழைத்துக்கொண்டு பள்ளிக்குச் சென்றார்.

தாயார் கேட்டது வேறொன்று. “சாமி, இவனுக்குப் புதுநன்மை கொடுப்பீர்களா? மந்திரங்கள் ஒன்றும் சொல்ல வராதே!” இந்தக் கேள்வியை மனத்துக்குள் வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் வாய் திறவாத குடும்பங்கள் நம் பங்குகளில் உண்டு. 1910-இல் புனித பத்தாம் பயஸ் பாப்பரசர் சிறு குழந்தைகளுக்கு நற்கருணையைத் திறந்துவிட்டபோது நெடிய பாடத்தைக் கேட்கவில்லை. திவ்விய நற்கருணை சாதாரண அப்பமன்று என்று வேறுபடுத்தி அறிந்தால் போதும் என்றார். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 777-ஆம் பிரிவு, உடலாலோ மனத்தாலோ குறையுள்ளவர்களுக்கும் அவர்தம் நிலை இடம் தருமளவு மறைக்கல்வி கிடைக்கச் செய்வதைப் பங்குத்தந்தையின் கடமையாகவே வைக்கிறது. பேச்சு வராத பிள்ளையும் வீட்டு உணவின் முன் ஒருவிதமாகவும் பீடத்தின் முன் வேறுவிதமாகவும் நிற்பதைக் காண்கிறோம். அந்த வேறுபாட்டைச் சொல்ல வாய் வேண்டுமென்பதில்லை.

ஆகவே ஞாயிறு மறைக்கல்வியில் இப்பிள்ளைகளுக்கும் இடம் வைக்கிறோம். அந்த ஆசிரியையிடம் கேட்டறிந்து, கோயிலுக்குள் நுழைந்து தீர்த்தம் தொடுவது முதல் நற்கருணை வாங்குவது வரை படிகளாகப் பிரித்து, பெரிய எழுத்திலும் படத்திலும் எழுதியாயிற்று. வசீகரிக்கப்படாத அப்பத்தைக் கொண்டு பலமுறை பழக்குவோம். இங்கும் கடைசிப் படியிலிருந்தே தொடக்கம். வீட்டில் இத்தகைய பிள்ளை உள்ளவர்கள் உபதேசியாரிடம் பெயரைக் கொடுக்கலாம். வயது வரம்பு இல்லை. முப்பது வயதான மகனைப் பற்றி ஒரு பாட்டியம்மாள் கேட்டிருக்கிறார். அவர் பெயரும் எழுதப்பட்டுவிட்டது.