பெடலை மிதித்தால் குறையும் சத்தம்

செப்டம்பர் 4

மச்சான் மஸ்கட் போனதிலிருந்து எங்கள் ட்ரூப்பில் கீபோர்டு இல்லை. தசரா புக்கிங்குக்கு அட்வான்ஸ் வாங்கியாயிற்று. ஒரு கிட்டார், ட்ரம்ஸ், தபேலா, பேஸ் கிட்டாரில் நான். "கீபோர்டு இல்லாத இடத்தை பேஸை வச்சு நிரப்புல" என்றார் ட்ரூப் அண்ணன். அதற்காகவே தூத்துக்குடியில் பழைய ஓவர்டிரைவ் பெடல் ஒன்றை வாங்கினேன். இன்று ரிகர்சலில் மிதித்ததும் பேஸ் காணாமல் போய்விட்டது. கூட வேண்டிய சத்தம் குறைகிறது. தபேலாக்காரர் சிரித்தார்.

செப்டம்பர் 5

வ.உ.சி. பிறந்த நாள். ஒட்டப்பிடாரம் ரோட்டில் கொடி கட்டிய வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. இங்கே நான் துணி வெட்டும் தையல் பட்டறையில் தீபாவளி ஆர்டர். பெடலைத் தொடவில்லை.

செப்டம்பர் 8

பவர் மெஷின்கள் நின்ற பிறகு கட்டிங் டேபிளிலேயே எல்லாவற்றையும் பரப்பினேன். பேஸ் கிட்டாரை நேராக ஆம்ப்பில் சொருகினால் முழுச் சத்தம். பெடலை நடுவில் வைத்து, மிதிக்காமல் விட்டால் கொஞ்சம் குறைவு. மிதித்தால் இன்னும் குறைவு. அப்படியானால் கோளாறு ஒன்றில்லை, இரண்டு. ஏனோ அதில் ஒரு நிம்மதி.

மிதிக்காதபோதே குறைகிறதென்றால் கேபிளைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஜாக்கின் மூடியைத் திருகிக் கழற்றினேன். வலைக்கம்பி நன்றாகத்தான் இருந்தது. நடுக்கம்பியின் ஈயம் மட்டும் கருத்து, விரிசல் விட்டு, தொட்டும் தொடாமலும் நின்றது. விரலால் அசைத்தால் சத்தம் வந்து வந்து போனது.

செப்டம்பர் 9

டிவி மெக்கானிக் அண்ணாச்சி ஈயம் வைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "அடாப்டரையும் காட்டு" என்றார். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய வகை. மீட்டரை வைத்தால் 9 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 7. பகலில் ஊர் முழுக்க மெஷின் ஓடும்போது லைன் இறங்கும், அதோடு இதுவும் இறங்கும். 100 முதல் 240 வரை தாங்கும் புது வகை வாங்கச் சொன்னார். வீட்டில் ரூட்டர் அடாப்டர் கிடக்கிறதே என்றேன். "அதுக்கு நடுவுல பிளஸ். உன் பெடலுக்கு நடுவுல மைனஸ். சொருகிராதல, எரிஞ்சு போகும்."

செப்டம்பர் 13

புது அடாப்டர் வந்தது. பெடலில் இருந்த இரைச்சல் போய்விட்டது. மிதித்தால் குறைவது மட்டும் போகவில்லை.

செப்டம்பர் 14

விற்றுவிடலாம்.

செப்டம்பர் 17

ஓவர்டிரைவ் செய்கிற வேலையே அலையின் உச்சியை நறுக்குவதுதான். நறுக்கும்போது பல பெடல்களில் அடிச்சத்தமும் கொஞ்சம் வடிந்துவிடும். கிட்டாருக்கு அது பரவாயில்லை. திறந்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிரும் பேஸுக்கு ஆகாது. இதற்காகத்தான் பேஸ் பெடல்களில் பிளெண்ட் குமிழ் வைக்கிறார்கள்: நறுக்காத ஒலியையும் சேர்த்துக் கலந்துகொள்ளலாம். என் பெடலிலும் அது இருந்தது. பாதி கலந்தேன். வீட்டில் அருமை.

செப்டம்பர் 18

ரிகர்சலில் மறுபடியும் ஒன்றுமில்லை. யாரோடும் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வில்லுப்பாட்டில் குடம் அடிக்கிறவருக்கு குமிழும் கிடையாது, அடாப்டரும் கிடையாது. மைதானம் முழுக்கக் கேட்கிறது.

செப்டம்பர் 22

பெல் ஆய்வகத்தில் பிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து வைத்திருக்கிறார்கள். சத்தம் சிறிதாக இருக்கும்போது நம் காது அடிச்சுருதியைக் குறைத்தே கேட்கும். பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் மெல்ல வாசித்து, அடியை ஏற்றி நடுவை இறக்கி வைத்தால் தேன்தான். மேடையில் அந்த அடி கிக் டிரம்மோடு கலந்துவிடும். காது பிடித்துக்கொள்ள வேண்டிய நடுச்சுருதி ஏற்கெனவே போயிருக்கும். இன்று நடுவை ஏற்றி வாசித்தேன். தனியாகக் கேட்டால் மூக்கடைத்த மாதிரி அசிங்கமாக இருக்கிறது. ட்ரம்ஸோடு சேர்ந்ததும் நின்றது. தபேலாக்காரர் தலையாட்டினார். ஆனாலும் போன வருஷத்து கனம் இல்லை.

செப்டம்பர் 25

போன வருஷம் குலசை தசராவுக்கு வாசித்ததை போனில் தேடி எடுத்தேன். அதே பேஸ் கிட்டார், அதே ஆம்ப், பெடல் கிடையாது. என்ன ஒரு கனம்! ஹெட்போன் போட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டேன். என் சுரத்துக்கு அடியில் இன்னொரு சுரம், ஒரு ஸ்தாயி கீழே, ஒட்டிக்கொண்டே வருகிறது. நான் விட்ட இடத்தில்கூட அது விடவில்லை. மச்சானின் இடது கை. எல்லாப் பாட்டிலும்.

ஒருநாள்கூடச் சொன்னதில்லை.

அவன் கிளம்பிய அன்று பஸ் ஏற்றிவிட நான் போகவில்லை. பண்டல் வேலை என்று சொல்லியிருந்தேன்.

செப்டம்பர் 27

வாய்ஸ் மெசேஜ் போட்டேன்: "எனக்கு அடியில நீயும் வாசிச்சியால?" ராத்திரி ஷிப்ட் முடிந்து பதில் வந்தது. "ரெண்டாவது சரணத்துல நீ எப்பவும் லேட்டா வருவ மாப்ள. அதான் முன்னாடியே பிடிச்சு வச்சேன். அப்புறம் அப்படியே பழகிட்டு." பின்னால் யாரோ இந்தியில் கத்திக்கொண்டிருந்தார்கள். பெடல் வாங்கியதைச் சொன்னேன். எவ்வளவு என்று கேட்டான். குறைத்துச் சொன்னேன்.

அக்டோபர் 2

காலர் வெட்டு பாக்கி.

அக்டோபர் 4

ட்ரூப் அண்ணன் கீபோர்டுக்கு கோவில்பட்டிப் பையன் ஒருவனைப் பேசி வைத்திருக்கிறாராம். டியூன் எல்லாம் சுத்தமாக வருமாம். இடது கை எப்படி என்று கேட்டேன்.

"என்னல கேள்வி இது?" என்றார்.