சுவரைவிட மெலிந்த பூச்சு

கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பழைய கோயில்களில் திருத்த வேலைக்கு வரும் மேசன், வந்ததும் சாந்தகப்பையின் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போவார். ‘டக்’ என்று இறுகிய சத்தம் வந்தால் அடுத்த சாணுக்கு நகர்வார். ‘டொப்’ என்று பொள்ளல் சத்தம் கேட்ட இடத்தில் கரித்துண்டால் வட்டம் போடுவார். அந்த வட்டங்களை நின்று பார்த்தால் ஒன்று புரியும். பழைய சுண்ணாம்புப் பூச்சு தேய்ந்தும் கறுத்தும் இருந்தாலும் பெரும்பாலும் சுவரோடு ஒட்டியே இருக்கிறது. கழன்று நிற்பது நம் காலத்தில் சீமெந்தால் போட்ட ஒட்டு. அதை உதிர்த்தால் பின்னால் வெள்ளையாய் உப்புப் பூத்திருக்கும், கபுக்கல் மாவாய்க் கொட்டும். சுவரைக் காக்கவென்று பூசியதே சுவரைத் தின்றிருக்கிறது. பழைய கட்டடத்துக்கு ஒட்டுப் போடும் பொருள் அந்தச் சுவரைவிட மெலிந்ததாக இருக்கவேண்டும் என்பதே என் கட்சி. கேட்பதற்குத் தலைகீழாகத்தான் இருக்கும்.

கொழும்பில் இதற்குப் பெரிய சாட்சி வுல்பெண்டால் தேவாலயம். போர்த்துக்கேயர் காலத்தில் அந்த மேட்டில் குவாதலூப்பே மாதாவின் பெயரில் ஒரு கோயில் இருந்ததாம். அந்தப் பெயரை ஒல்லாந்தர் பிழையாகக் காதில் வாங்கி ‘வுல்பெண்டால்’, அதாவது ‘ஓநாய்ப் பள்ளத்தாக்கு’, ஆக்கிவிட்டார்கள் என்று சொல்வார்கள். ஓநாயே இல்லாத நாட்டில் மேட்டுக்குப் பள்ளத்தாக்கு என்று பெயர்! 1749இல் தொடங்கிய வேலை முடிந்து 1757 மார்ச்சில் கோயில் திறக்கப்பட்டது. சுவர் ஏறக்குறைய ஐந்தடித் தடிப்பு. கபுக்கல்லும் செங்கல்லும் அடுக்கி, பவளப்பாறையைச் சுட்ட சுண்ணாம்பால் பூசியிருக்கிறார்கள். 1856இல் மின்னல் விழுந்து கூரை உச்சியிலிருந்த சிங்கச் சிலை போனது, குவிமாடம் பழுதானது, பிறகு வேறு கூரை வந்தது. 1813இல் கோட்டைக்குள்ளிருந்து கொண்டுவந்த ஒல்லாந்தக் கல்லறைக் கற்கள் இன்றும் உள்ளே தரையில் கிடக்கின்றன. கூரை மாறியது, ஆட்சிகள் மாறின, ஆங்கிலத்தோடு சிங்களத்திலும் தமிழிலும் ஆராதனை நடக்கலாயிற்று. சுவர் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. துறைமுகத்து உப்புக் காற்றும், வருடத்துக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழையும் அடிக்கும் இடத்தில் இரும்புக்கம்பி ஒன்றுகூட இல்லாத சுவர் இத்தனை காலம் எப்படி நிற்கிறது?

அது தண்ணீரை மறிக்கவில்லை, குடித்துவிட்டுத் துப்பியது. நிலத்திலிருந்து வெட்டும்போது கபுக்கல் கத்திக்கு இடம் கொடுக்கும், காற்றுப்பட்டுத்தான் இறுகும். இறுகிய பிறகும் உள்ளே துளை துளையாகவே இருக்கும். நிலத்தின் ஈரம் அந்தத் துளைகள் வழியே மேலே ஏறும். வெளியே சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் ஈரம் அதன் வழியே ஆவியாகிவிடும். உப்பும் பூச்சின் முகத்துக்கு வந்து பூத்து, பூச்சைத்தான் அரிக்கும். பூச்சு செத்துச் சுவரைக் காப்பாற்றுகிறது. சீமெந்துப் பூச்சில் அந்த வாசல் அடைபடுகிறது. ஈரம் பின்னாலேயே தேங்கி, உப்பு கல்லுக்குள் படிகமாகி, கல்லை உள்ளிருந்து உடைக்கிறது. சுவர் வெயிலில் சற்று விரிந்தாலும் சுண்ணாம்பு இசைந்து கொடுக்கும், சீமெந்து வெடிக்கும். அந்த மயிர்க்கோட்டு வெடிப்பால் மழைநீர் உள்ளே போகும், திரும்பி வர வழியில்லை. ஏதென்ஸ் பார்த்தினனில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்ததும் இதே கூத்துத்தான். பழைய கிரேக்கர் கற்களைப் பிணைக்கும் இரும்புப் பட்டைக்கு ஈயம் வார்த்து மூடினார்கள். பலானோஸ் என்ற பொறியியலாளர் திருத்தும்போது, இரும்புதான் பலமாயிற்றே என்று வெறுமனே வைத்துப் பூட்டினார். இரும்பு துருப்பிடித்துப் பருத்து, இரண்டாயிரம் வருடம் தாக்குப்பிடித்த பளிங்கைப் பிளந்தது. பின்னால் வந்தவர்கள் அவற்றைக் கழற்றி டைட்டேனியம் வைக்கவேண்டி வந்தது.

சீமெந்தின் மேல் எனக்குப் பகை இல்லை. வெள்ளவத்தையில் கொங்கிறீட் தூண் நிறுத்தி எட்டு மாடி எழுப்பும்போது சுண்ணாம்பைப் பற்றிப் பேசுவது பைத்தியக்காரத்தனம். அந்தக் கட்டடம் பிறந்ததே சீமெந்தில். ஆனால் அங்கே வேலை செய்த மேசனே அடுத்த மாதம் கொட்டாஞ்சேனைக்கு வருகிறார், அதே கலவையோடு. அவரைக் குறைசொல்ல முடியாது; ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது அதுதான், கூலி கணக்கிடுவதும் சதுர அடிக்கு. சுண்ணாம்போ நாள் கேட்கும் சரக்கு. சுட்ட கல்லைத் தண்ணீரில் நீற்றி, குழியில் மாதக்கணக்கில் ஊறவிட்டு, மெல்லிய தடவலாகப் பூசி, ஒவ்வொரு தடவலுக்கும் ஈரச்சாக்குப் போர்த்திக் காக்கவேண்டும். காற்றிலிருந்து கரியமிலவாயுவை வாங்கி அது மறுபடி கல்லாவது மெல்ல மெல்லத்தான்.

இங்கேதான் வலுவான மறுப்பு வருகிறது: கோயில் அருங்காட்சியகம் இல்லையே, ஞாயிறுப் பூசைக்கு சனம் எங்கே போகும்? கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலைப் பாருங்கள் என்பார்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்ப்பு ஞாயிறன்று குண்டு வெடித்தது; கடற்படையினர் திருத்தி முடிக்க, திருவிழாவுக்கு முதல்நாள், ஜூன் 12ஆம் திகதி கோயில் மீண்டும் திறக்கப்பட்டது. ஐம்பத்திரண்டே நாள். அங்கே அந்த வேகம் சரி என்றே நானும் சொல்வேன். காயப்பட்ட சனத்துக்குக் கதவு திறப்பதே அப்போது பெரிய மருந்து. ஆனால் வெடியால் ஒரு கணத்தில் உடைந்ததும் ஈரத்தால் ஐம்பது வருடமாய்ப் பழுதானதும் ஒரே நோய் இல்லை. ஊறிய சுவரைக் காயவிடாமல் திருவிழாவுக்கு முன் பூசி மினுக்கினால், ஓரிரு மழைக்காலத்தில் மேசன் மறுபடி கரித்துண்டோடு வருவார். அதற்காகக் கோயிலைப் பூட்டவேண்டியதும் இல்லை. இந்த வருடம் ஒரு சுவர், அடுத்த வருடம் மற்றது என்று சாரங்கட்டி நகர்த்திக்கொண்டு போகலாம்.

இன்னொரு மறுப்பு எனக்குக் கொஞ்சம் உறுத்தலானது. ஒல்லாந்தர் சுட்டது பவளப்பாறை. கரையோரத்தில் பவளம் வெட்டுவதற்கு 1988இல் சட்டம் தடைபோட்டது, சரியாகவே. 2004 சுனாமிக்குப் பிறகு தென்கரையை ஆராய்ந்தவர்கள், பாறை அள்ளப்பட்டிருந்த பெரலிய பக்கத்தில் அலை மூர்க்கமாய் ஏறியதையும், பாறை மிஞ்சியிருந்த ஹிக்கடுவையில் தணிந்திருந்ததையும் கண்டார்கள். ஒரு சுவரைக் காக்க ஒரு கரையைக் கொடுக்க முடியாது. ஆகவே ‘பழைய பொருளே வேண்டும்’ என்று பிடிவாதம் பிடிப்பவர்களோடு நான் இல்லை. சுவர் கேட்பது பவளத்தை இல்லை, மூச்சுவிடும் பூச்சை. மாத்தளைப் பக்கத்துக் கல்லைச் சுட்ட சுண்ணாம்பு அதற்குப் போதும். அதில் மக்னீசியம் கூடுதல், முழுதாய் நீற நாளெடுக்கும். அவசரத்தில் பூசினால் பிறகு சுவரிலேயே நீறிப் பொட்டுப் பொட்டாய் வெடித்துத் தெறிக்கும். கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு என்று செட்டிநாட்டுப் பக்குவத்தைச் சொல்லி வியப்பவர்கள், இந்த ஊறல் நாட்களைப் பற்றி ஏனோ வாய் திறப்பதில்லை. முட்டையை விடக் காத்திருப்புத்தான் விலை கூடியது.

அந்த விலையைத் திருத்த வேலைக்கான மதிப்பீட்டில் எழுதினால் மேசன்மார் பழகிக்கொள்வார்கள். கை அவர்களிடம் இருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சைச் சாந்தகப்பையால் அழுத்திவிட்டு, புறங்கையை அதன்மேல் வைத்து, குளிர் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்து அடுத்த தடவலுக்கு நேரம் குறிக்கும் வயதான கைகள் இன்னும் இருக்கின்றன. பக்கத்தில் நின்று சாந்து குழைக்கும் பொடியனுக்கு அதைப் பார்க்க ஒரு முழுச் சுவர் கிடைக்கவேண்டும், அவ்வளவுதான். அதற்கும் முந்திய வேலை ஒன்று உண்டு. சாரங்கட்டியதும் முதலில் கூரைப் பீலிக்கு ஆள் ஏறவேண்டும். காக்கை எச்சத்தில் முளைத்த அரசங்கன்று அங்கே சருகுக்குள் நிற்கும். வேர் சுவருக்குள் இறங்குமுன் பிடுங்கிவிட்டால், கீழே போடவேண்டிய கரி வட்டங்களில் பாதி குறையும்.