ஆலையை என்ன செய்வது?

ஒரு பேரரசு, அதன் பலமாக ஒரு மந்திரம், அந்த மந்திரம் எரிவதற்கு விறகாக அடிமைகள். ஒருநாள் விறகு எதிர்த்து நிற்கிறது. ஆங்கில மிகுபுனைவு நாவல்களில் இன்று அடிக்கடி வரும் கதை இது. என். கே. ஜெமிசினின் மூன்று நாவல்கள் கொண்ட 'உடைந்த பூமி' வரிசையில், நிலநடுக்கத்தை அடக்கிவைக்கக் குழந்தைகளை நாற்காலியில் கட்டி, அவர்கள் மூளையை மழுங்கடித்து, உயிருள்ள கருவிகளாக வைத்திருக்கிறார்கள். அதற்கும் முந்தைய யுகத்தின் பொன்னகரம் ஒன்று தோற்ற இனத்தின் மக்களைப் பிணைத்துவைத்து, அவர்கள் உடலிலிருந்து மந்திரத்தை உறிஞ்சிக் கொள்கிறது. 2016 முதல் 2018 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஹியூகோ பரிசு பெற்ற வரிசை அது. ஆர். எஃப். குவாங்கின் 'பாபெல்' (2022) நாவலில் காலனி நாடுகளின் மொழிகள் வெள்ளிக் கட்டிகளில் மந்திரமாகின்றன. கடைசியில் கோபுரம் சாய்கிறது, நாவலும் ஏறக்குறைய அங்கேயே நின்றுவிடுகிறது. இந்தக் கதைகளைப் பற்றி எனக்கு ஒரே ஒரு கேள்விதான் உண்டு. அரியணை கவிழ்வது கதையின் எளிய பாதி. கவிழ்த்தவர்கள் அந்த மந்திரத்தை என்ன செய்தார்கள்? ஒரு கலகத்தை எடைபோட இதைவிட நல்ல தராசு எனக்குத் தெரியவில்லை.

இது நாவலாசிரியர்கள் கண்டுபிடித்த கற்பனை என்று நினைத்தால் தவறு. முதலில் இந்தக் கதையைச் சொன்னவர்கள் அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களே. வெள்ளையர் ஆட்களை வாங்குவது தின்பதற்குத்தான் என்ற நம்பிக்கை ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் பரவலாக இருந்தது. கப்பலில் வந்திறங்கும் சிவப்பு ஒயின் போனவர்களின் இரத்தம், பாலாடைக்கட்டி அவர்கள் மூளை, வெடிமருந்து அவர்கள் எலும்பின் பொடி என்று பேசிக்கொண்டார்கள். கப்பலில் ஏற்றப்பட்டபோது தன்னைத் தின்றுவிடுவார்கள் என்று நடுங்கியதை ஒலாதா எக்வியானோ 1789-இல் வெளியிட்ட தன் வரலாற்றில் எழுதினார். நம் நாட்டுக்கும் இந்தப் பயம் வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் பீகார்ப் பக்கத்திலிருந்து கரும்புத் தீவுகளுக்குக் கூலிகளைத் திரட்டியபோது, அவர்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டு மண்டையிலிருந்து 'மிமியாய்' எண்ணெய் எடுக்கிறார்கள் என்று ஊர்கள் நம்பின. அறியாமை என்று அன்றைய அதிகாரிகள் சிரித்திருக்கலாம். போகிறவர் திரும்புவதில்லை, சரக்கு மட்டும் திரும்பி வருகிறது. இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டு கரையில் நின்றவர்கள் போட்ட கணக்கில் விவரம் பிசகியிருந்தது, விடை பிசகவில்லை.

விடை சரிதான் என்பதற்கு சேன் தொமேங் போதும். இன்றைய ஹைட்டி, அன்று பிரான்சின் காலனி. 1789-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பா உண்ட சர்க்கரையில் சுமார் 40 சதவீதமும், குடித்த காப்பியில் பாதிக்கு மேலும் அந்த ஒரு காலனியிலிருந்து போயின. அங்கே அடிமைகள் ஏறக்குறைய 5 லட்சம் பேர். வெள்ளையர் 40,000 பேர்கூட இல்லை. பிறப்பைவிட இறப்பு அதிகம் என்பதால், தொகை குறையாமலிருக்க ஆண்டுதோறும் புதிய ஆட்களை இறக்கிக்கொண்டே இருந்தார்கள். 1780-களின் முடிவில் அது ஆண்டுக்கு 30,000-ஐத் தாண்டியது. வெட்டிய கரும்பு புளித்துவிடும் என்பதால் ஆலை இரவும் பகலும் ஓடியாக வேண்டும். தூக்கக் கலக்கத்தில் உருளைகளுக்குள் கரும்பைத் திணிப்பவரின் விரல் சிக்கினால் கையும் பின்னாலேயே போகும். உடல் முழுவதும் போவதற்குள் கையை வெட்டியெடுக்க, கரீபியத் தீவுகளின் ஆலைகளில் பக்கத்திலேயே ஒரு கோடரியைத் தயாராக வைத்திருந்தார்கள். சக்கையாகப் பிழிந்தெடுப்பது என்று நாம் உவமையாகச் சொல்வது அங்கே உவமையாக இருக்கவில்லை. எந்த மிகுபுனைவு எழுத்தாளரும் அந்தக் கோடரியைவிடக் கொடிய ஒரு பொருளைக் கற்பித்ததாக எனக்கு நினைவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது லேசானதும் அல்ல. அடிமை முறை பேரேடு எழுதி, காப்பீடு போட்டு, வட்டி கணக்கிட்டு நடந்த வியாபாரம். அதை மந்திரம் என்று சொன்னால் வியாபாரி தப்பித்துக்கொள்வான்; குற்றம் இருண்ட சக்திகள் தலையில் விழும். நியாயமான எச்சரிக்கைதான். ஆனால் சர்க்கரையின் மந்திரத்தைச் சற்று உற்றுப் பார்க்கலாம். லண்டன் வீட்டில் தேநீர்க் கோப்பைக்குள் கரையும் வெள்ளைக் கட்டியில் ஆலையும் இல்லை, கையும் இல்லை, கோடரியும் இல்லை. ஆளை மறைத்துப் பொருளை மட்டும் காட்டுவதைச் செப்பிடு வித்தை என்றுதானே சொல்வோம். அந்த வித்தையைக் கலைக்கத்தான் 1791-இல் வில்லியம் ஃபாக்ஸ் என்பவர் லண்டனில் ஒரு சிறு வெளியீடு போட்டார். வாரம் 5 பவுண்டு சர்க்கரை வாங்கும் குடும்பம் 21 மாதம் அதைத் தொடாமலிருந்தால் ஓர் ஆள் அடிமையாவதையோ கொல்லப்படுவதையோ தடுக்கலாம் என்றது அவர் கணக்கு. ஒவ்வொரு பவுண்டு சர்க்கரையோடும் இரண்டு அவுன்ஸ் மனித மாமிசத்தை உண்பதாகவே கொள்ளலாம் என்றும் எழுதினார். சுமார் 3 லட்சம் பேர் சர்க்கரையைக் கைவிட்டதாக அடிமை ஒழிப்பாளர் தாமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார். பேரேட்டையும் நரமாமிசத்தையும் ஒரே பக்கத்தில் எழுத முடியும் என்பதற்கு ஃபாக்ஸ் சாட்சி. மிகுபுனைவு செய்வதும் அதையே. கோப்பைக்குள் ஆளைத் திரும்பக் காட்டுகிறது.

ஃபாக்ஸின் வெளியீடு வந்த அதே 1791-இல், ஆகஸ்ட் மாதம், சேன் தொமேங்கின் வடக்குச் சமவெளி பற்றியெரிந்தது. புவா கைமன் காட்டில் நடந்த இரவுச் சடங்கு, அதை நடத்திய புக்மன் என்று ஹைட்டியில் சொல்லும் கதை புகழ்பெற்றது. அதன் விவரம் அச்சில் முதலில் வந்தது 1814-இல், ஒரு பிரெஞ்சு வைத்தியர் எழுதியதாக, ஆகவே வரலாற்றாசிரியர்களிடையே சர்ச்சை உண்டு. அதற்கு முன்பு, 1758-இல், விஷம் வைத்த குற்றத்துக்காக எரிக்கப்பட்ட மக்காண்டல் பூச்சியாக மாறிப் பறந்துவிட்டான் என்றும் மக்கள் நம்பினார்கள். மந்திரத்துக்கு எதிராக மந்திரம் என்று கதைக்காரர்கள் இங்கேதான் மயங்குவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. எழுந்தவர்கள் எஜமானர்களை மட்டும் தாக்கவில்லை. கரும்பு வயலுக்குத் தீ வைத்தார்கள், ஆலையின் பாகங்களை நொறுக்கினார்கள், கொப்பரைகளை உடைத்தார்கள். அவர்களுடைய பகை யாரோடு என்பதை அவர்கள் கை தெளிவாகவே சொன்னது.

தலைவர்கள் அப்படி நினைக்கவில்லை. தானே அடிமையாகப் பிறந்த தூசான் லூவர்த்யூர் ஆட்சியைப் பிடித்தபின் 1800 அக்டோபரில் ஓர் ஆணை போட்டார். விடுதலை பெற்றவர்கள் தத்தம் தோட்டத்திலேயே இருந்து வேலை செய்ய வேண்டும், மீறினால் படைவீரனைப் போலவே தண்டனை. சாட்டை போயிற்று, விளைச்சலில் நாலில் ஒரு பங்கு தொழிலாளிக்கு வந்தது, ஆனால் தோட்டத்தைவிட்டு வெளியேறும் உரிமை இல்லை. மறு ஆண்டு வடக்கில் தோட்டத் தொழிலாளர்கள் கிளர்ந்தபோது, அவர்களுக்குப் பரிவு காட்டியவன் என்று தூசான் தன் வளர்ப்பு மருமகன் மொய்ஸையே சுட்டுக் கொல்ல வைத்தார். அவருக்குப் பின்வந்த தெசாலினும் கிறிஸ்தோஃபும் தோட்ட வேலையைக் கட்டாயமாகவே வைத்தார்கள். நல்ல மந்திரவாதி கையில் மந்திரம் நல்லதாகிவிடும் என்ற நம்பிக்கை இது. மிகுபுனைவு நாவல்கள் பலவற்றின் மறைமுகமான நம்பிக்கையும் அதுவே.

தூசானை அத்தனை சுலபமாகக் குறைசொல்லிவிட முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. நெப்போலியன் படை அனுப்புவான் என்று அவருக்குத் தெரியும். 1802-இல் அனுப்பவும் செய்தான், குவாதலூப்பில் அடிமை முறையைத் திரும்பக் கொண்டும் வந்தான். துப்பாக்கிக்கு அமெரிக்க வணிகர்களிடம் கொடுக்க அவரிடம் இருந்தவை சர்க்கரையும் காப்பியும்தான். தூசான் 1803 ஏப்ரலில் பிரெஞ்சுச் சிறையில் குளிரில் செத்தார். 1804 ஜனவரி 1 அன்று ஹைட்டி சுதந்திரம் பெற்றது. பணமில்லாத சுதந்திரத்தின் கதியும் பின்னால் தெரிந்தது. 1825-இல் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் துறைமுகத்தில் நிற்க, பழைய எஜமானர்களுக்கு 15 கோடி பிராங்க் இழப்பீடு தர ஹைட்டி ஒப்புக்கொண்டது. 1838-இல் அதை 9 கோடியாகக் குறைத்தார்கள். அதற்காக வாங்கிய கடன்களின் வால் 1947 வரை நீண்டது. எனவே ஆலையை ஓட்டியே ஆகவேண்டும் என்ற தூசானின் வாதம் பலமானது. ஆனால் அந்த வாதத்தை ஏற்றால், கரும்புக்குள் கைவிட வேண்டியவர் யார் என்ற கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு அவரிடம் பழைய பதில்தான் இருந்தது.

மக்களிடம் வேறு பதில் இருந்தது. மலைச்சரிவிலும் கைவிடப்பட்ட தோட்டங்களிலும் சிறு துண்டு நிலம் பிடித்து வாழை, மரவள்ளி, வள்ளிக்கிழங்கு, கொஞ்சம் காப்பி என்று பயிரிட்டார்கள். பல வீடுகள் ஒரே முற்றத்தைச் சுற்றி வாழும் 'லாக்கு' முறை இந்த வாழ்விலிருந்து வளர்ந்தது. 1820-களுக்குள் ஒரு காலத்தில் உலகை இனிக்கவைத்த நாட்டிலிருந்து சர்க்கரை ஏற்றுமதி ஏறக்குறைய நின்றே போனது. பொருளாதார நூல்கள் இதை வீழ்ச்சி என்று எழுதுகின்றன. கோட்டையும் கொடியும் தலைவர்களின் வெற்றி என்றால், இந்த வீழ்ச்சி அடிமைகளாக இருந்தவர்களின் வெற்றி என்பேன்.

ஆனால் மந்திரம் சாகவில்லை, இடம் மாறியது. கியூபா கரும்புக்கு மாறியது. அங்கே அடிமை முறை 1886 வரை நீடித்தது. பிரிட்டன் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்ததும் மொரிஷியஸுக்கு 1834 முதல் இந்தியக் கூலிகள் போனார்கள். பிரான்ஸ் 1848-இல் ஒழித்தபின் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர்கள் மார்த்தினிக், குவாதலூப் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்கள். பாரதி பிஜித் தீவுப் பெண்களுக்காக அழுததும் கரும்புத் தோட்டத்தைப் பற்றித்தான். ஒரே பேரரசு, ஒரே கோபுரம், அது சாய்ந்தால் விடியல் என்று முடிக்கும் நாவல்கள் தவறுவது இங்கேதான். ஜெமிசினை நான் மதிப்பதற்குக் காரணம், மந்திர எந்திரத்தை இயக்கவே படைக்கப்பட்டவர்கள் அதைக் கைப்பற்றாமல் அதன் சக்தியை நகரத்தின் மீதே திருப்புகிறார்கள் என்று அவர் எழுதியதும், அதற்கு உலகம் கொடுத்த விலையை மறைக்காததும்.

ஹைட்டியின் கிராமங்களில் சொம்பியைப் பற்றி ஒரு நம்பிக்கை உண்டு. செத்தவனை மந்திரவாதி எழுப்பி வயலில் வேலை வாங்குவான்; உப்பில்லாத கஞ்சி மட்டும் கொடுப்பான். தப்பித்தவறி உப்பு நாவில் பட்டால், தான் செத்தவன் என்பது சொம்பிக்கு நினைவு வந்து கல்லறைக்குத் திரும்பி நடக்கும். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லும் நமக்கு உப்பு ஆளோடு ஆளைக் கட்டும் பொருள். அங்கே அது கட்டை அறுக்கும் பொருள். 1932-இல் ஹாலிவுட் எடுத்த முதல் சொம்பிப் படத்தில் அவர்கள் சர்க்கரை ஆலையைத்தான் சுற்றிக்கொண்டிருந்தார்கள். 1968-இல் வந்த படத்துக்குப் பிறகு ஆலை காணாமல் போயிற்று. சொம்பிகள் மற்றவர்களைத் தின்ன ஆரம்பித்தார்கள்.