பத்தியம் சொல்பவரின் பாத்திரம்

சர்க்கரை நோயாளியிடம், "சோற்றைக் குறையுங்கள், கீரையும் பயறும் கூட்டுங்கள்" என்று கனிவுடன் அறிவுறுத்தும் செவிலியர், இரவுப் பணியின் இடையே தேநீராலும் பிஸ்கட்டாலும் தம் பசியை ஆற்றிக்கொள்கிறார். எம்.ரெட்டியபட்டி வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து அருப்புக்கோட்டைக்கும் மதுரைக்கும் மருத்துவமனைப் பணிக்குப் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்களுக்கு இது புதிய செய்தியன்று.

மத்தியதரைக் கடல் நாடுகளின் உணவுமுறையை இன்று மருத்துவ உலகம் போற்றுகிறது. காய்கறி, பழம், பயறு, முழுத்தானியம், கொட்டைகள், மீன், ஆலிவ் எண்ணெய் ஆகியவை மிகுதி. சிவப்பு இறைச்சியும் இனிப்பும் குறைவு. ஸ்பெயினில் இதயநோய் அபாயம் மிக்க ஏறத்தாழ 7,400 பேரிடம் நடந்த பிரெடிமெட் ஆய்வில், இம்முறையில் உண்டோருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 30 விழுக்காடு குறைந்தன. 2018இல் திருத்தி மீண்டும் வெளியிட்டபோதும் முடிவு பெரிதும் மாறவில்லை.

அவ்வாய்வில் பயன்பட்ட 14 வினாக்களைக் கொண்டே, ஒருவர் இம்முறையை எவ்வளவு பின்பற்றுகிறார் என்று பல நாடுகளில் அளக்கிறார்கள். மருத்துவப் பணியாளர்களும் பெரும்பாலும் நடுத்தரமாகவே தேறுகிறார்கள். அறிவு குறைந்ததால் அன்று; நேரம் குறைந்ததால். மாறிமாறி வரும் பணிமுறையும், நள்ளிரவில் கிடைப்பது பரோட்டாவும் வடையுமே என்னும் நிலையும் அறிவை வென்றுவிடுகின்றன.

அல்லாஹ் தன் திருமறையில் அத்தியின் மீதும் ஆலிவின் மீதும் சத்தியமிட்டுள்ளான் (95:1). நம் கரிசல் மண்ணில் ஆலிவ் விளைவதில்லை. ஆயினும் கம்பு, குதிரைவாலி, துவரை, பாசிப்பயறு, நிலக்கடலை, எள், முருங்கை ஆகியவை நமக்கு அருளப்பட்டுள்ளன. நல்லெண்ணெய் ஆலிவ் எண்ணெய்க்கு முற்றிலும் நிகரன்று. எனினும் அளவோடு சேர்த்தால் அதன் கொழுப்பும் பெரும்பகுதி நல்வகையே. ஆக, அவ்வுணவுமுறையின் சாரத்தை நம் அடுப்பங்கரையிலேயே பெறலாம்.

இரவும் பகலும் வணக்கத்தில் மூழ்கிய அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம், உடலுக்கும் ஓர் உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். இறைவணக்கத்திற்கே இந்த வரம்பு என்றால், பிறருக்குச் செய்யும் சேவைக்கும் அது பொருந்தாதா? நோயுற்றோருக்கும் துயருற்றோருக்கும் வாற்கோதுமைக் கஞ்சியான தல்பீனாவை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பரிந்துரைத்ததாக ஸஹீஹுல் புகாரி அறிவிக்கிறது. எளிய கஞ்சியும் அன்போடு தரப்படும்போது ஆறுதலாகிறது.

எனவே, இரவுப் பணிக்குக் கிளம்பும் மகளின், மருமகளின், மகனின் பையில் என்ன இருக்கிறது என்பது அவர்களது தனிக்கவலை மட்டுமன்று. வீட்டார் அனைவரின் பொறுப்பு. ஒரு டப்பா சுண்டல், ஒரு கைப்பிடி வறுத்த கடலை, ஒரு கொய்யா, ஒரு குப்பி மோர் கலந்த கம்பங்கூழ். இவற்றுக்குப் பெரும் செலவில்லை. விருந்து நாளில் பிரியாணி இருக்கட்டும். மற்ற நாட்களில் இவை இருக்கட்டும்.

பிறர் உடலைப் பேணுவோரின் உடலையும் அல்லாஹ் பேணுவானாக! அதற்குத் துணைநிற்கும் நல்வாய்ப்பை நமக்கும் தருவானாக! ஆமீன்.