மலையடிவாரத்தில் ஓர் அந்நியப் பூ

சிவகாசியில் மழை குறைவு, வெயில் மிகுதி. தீப்பெட்டியும் பட்டாசும் விரைவில் உலர்வதற்கேற்ற வறண்ட காற்றே இவ்வூரின் தொழிலை வளர்த்தது. இவ்வறண்ட நிலத்திற்கு மேற்கே, வானத்தின் விளிம்பில் நீலநிறமாய்த் தோன்றும் மலைத்தொடரை நாம் நாள்தோறும் காண்கிறோம். அங்கே பெய்யும் மழையே அர்ச்சுனா ஆற்றிற்கும் வைப்பாற்றிற்கும் உயிரளிக்கிறது. ஆகவே அம்மலைக் காட்டின் நலம் நம் கிணறுகளின் நலமும் ஆகும்.

சிவகாசியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால் திருவில்லிபுத்தூர். அதற்கு மேற்கே, மலையின் காலடியில் அமைந்துள்ளது செண்பகத்தோப்பு. தேனெடுப்பதில் வல்லவரான பளியர் வாழும் இடம் அது. மரத்திற்கு மரம் தாவித் திரியும் சாம்பல் நிற அணிலுக்காக 1988இல் இங்கே சரணாலயம் ஏற்பட்டது. 2021இல் மேகமலையும் சேர்ந்து, தமிழகத்தின் ஐந்தாவது புலிகள் காப்பகம் ஆயிற்று.

இக்காட்டுப் பாதையின் இருமருங்கிலும் மஞ்சளும் சிவப்புமாய்ச் சிறு பூங்கொத்துகள் சிரித்து நிற்கக் காணலாம். உன்னிச்செடி என்பது இதன் பெயர். கண்ணுக்கு இனிய இச்செடி நம் மண்ணுக்கு உரியதன்று. வெப்பமண்டல அமெரிக்காவில் பிறந்த இதனை, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அழகிற்காகவும் வேலிக்காகவும் இந்தியாவுக்குக் கொணர்ந்தனர். தோட்டத்தில் வைத்த செடி வேலியைத் தாண்டிக் காட்டில் குடியேறிற்று. இந்தியாவில் புலிகள் வாழும் நிலப்பரப்பில் 1,54,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காட்டில் இது பரவியிருப்பதாக 2020இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது.

இவ்வளவு தூரம் இது பரவியது எவ்வாறு? கருநீல நிறத்தில் பழுக்கும் இதன் சிறு கனிகளைக் கொண்டைக்குருவியும் மைனாவும் விரும்பி உண்டு, விதைகளை எங்கெங்கோ எச்சமிடுகின்றன. இலைகளோ நச்சுத்தன்மை உடையவை. உண்ட கால்நடைகளின் ஈரல் கெடும். ஆகவே மேயும் விலங்குகள் இதனைத் தீண்டாது அருகிலுள்ள புல்லையே மேய்கின்றன. இதனால் புல் குறைய, உன்னி பெருகுகிறது. அடர்ந்த புதரின் கீழ் மரக்கன்றுகள் வெளிச்சமின்றி நலிகின்றன. இன்று கன்று எழாவிடில் நாளை மரம் ஏது? மரம் இல்லையேல் அணில் தாவுவதற்குக் கிளை ஏது? கோடையில் காய்ந்த புதரோ காட்டுத்தீக்கு நல்ல விறகாகிறது.

எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. கிளைகள் கூடி நிழல் கவிந்த அடர்காட்டில் உன்னி செழிப்பதில்லை. மரம் வெட்டப்பட்ட இடம், தீ எரித்த இடம், பாதையோரம், மிகுதியாக மேய்ந்து வெறுமையான நிலம் ஆகியவையே இதன் விளைநிலங்கள். நாம் திறந்துவிட்ட வாயிலின் வழியேதான் இது நுழைகிறது.

ஆகவே வெட்டி எறிவதால் மட்டும் இது தீராது. வெட்டினால் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். காய்க்குமுன் வேரின் தலைப்பகுதியோடு அகற்றி, அவ்விடத்தில் நம் நாட்டுப் புல்லையும் மரங்களையும் வளர்த்து, சில ஆண்டுகள் காத்தல் வேண்டும். இத்தகைய அந்நியத் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்பதற்கெனத் தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு கொள்கையை வெளியிட்டது. அகற்றிய தண்டும் வீணன்று. கூடலூர்ப் பகுதிப் பழங்குடி மக்கள் அதனைக் கொண்டு யானை உருவங்களைச் செய்தனர். அவை 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்று பார்ப்போரைக் கவர்ந்தன.

நம் இல்லத்து வாயிலில் அழகுக்காக உன்னியை வளர்ப்போர் உண்டு. அதன் கனியைக் கொத்தும் பறவைக்கு நம் வேலியும் மலைக்காடும் ஒன்றே. அவ்விடத்தில் செம்பருத்தியையோ நந்தியாவட்டையையோ நட்டு வளர்ப்போம். மலையடிவாரத்திற்குச் செல்லுங்கால் தீப்பொறி விழாது காப்போம். நிழல் நிலைக்குமிடத்தில் காடு தன்னைத் தானே காத்துக்கொள்ளும்.