எட்டடி வீடும் கொழுந்துத் தராசும்

தெமோதரை ரயில் நிலையத்தில் இறங்கிச் சற்றுப் பொறுத்திருந்தால், நம்மை இறக்கிவிட்டுப் போன பதுளை ரயில் மலையைச் சுற்றிவந்து, நாம் நிற்கும் நிலையத்துக்கு நேர் கீழே உள்ள சுரங்கத்துக்குள் நுழைவதைப் பார்க்கலாம். 44 அடி ஓடினால் ஓரடிக்கு மேல் இறங்கக் கூடாது என்பது இந்த மலைப்பாதையைப் போட்டவர்கள் வைத்திருந்த கணக்கு. தெமோதரைப் பள்ளம் அந்தக் கணக்குக்கு இடங்கொடுக்கவில்லை. அதனால் தண்டவாளத்தை ஒரு சுற்றுச் சுற்றி, தன் காலடியிலேயே நுழையவிட்டார்கள். 1924இல் பதுளைக்கு ரயில் வந்து சேர்ந்தது இப்படித்தான். தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் பொறியியலாளருக்கு இந்த யோசனை வந்தது என்று இங்கே ஒரு கதை சொல்வார்கள். அதைச் சொல்கிறவர்களின் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். மலையோடு பழகிய அறிவு எங்கள் தோட்டத்து ஆட்களிடமும் இருந்தது என்பதுதான் அந்தக் கதையின் உயிர்.

அப்படி ஓர் அறிவைத் தேடித்தான் ஓர் ஆகஸ்ட் மாதம் நானும் கணவரும் தெமோதரைக்குப் போனோம். இருவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். பழைய வேன் ஒன்று இருக்கிறது. அதன் பின்னால் மாட்டி இழுத்துப்போகும்படி, இரண்டு பேர் படுத்துச் சமைத்துக்கொள்ள ஒரு சின்ன ட்ரெய்லர் வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. மொனராகலையிலும் மட்டக்களப்பிலும் குடியேறிவிட்ட மாணவர்களைப் போய்ப் பார்க்க வேண்டும். யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது.

பண்டாரவளை – பதுளை வீதியோரத்தில் தகரக் கூரை போட்ட கராஜ் அது. அதை நடத்துபவரை எல்லோரும் பாஸ் என்கிறார்கள். நானும் அப்படியே அழைத்தேன். பக்கத்துத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். தேயிலைக் கொழுந்து ஏற்றும் ட்ரெக்டர் பெட்டிகளுக்கு ஒட்டுப்போட்டே வெல்டிங்கும் டிங்கர் வேலையும் படித்தவர். கூட வேலை பழகும் ஒரு கோலயா, பதினெட்டு வயதிருக்கும். தையல் வேலை பாஸின் அம்மாவுடையது. முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். இடுப்பில் படங்கு கட்டி மலையேறியவர், இப்போது அதே மாதிரித் துணியில் ட்ரெய்லருக்குப் பந்தல் தைக்கிறார்.

வண்டியை வீடாக்குவது வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்த சங்கதி என்று நான் நினைத்திருந்தேன். 1885இல் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்கொட்லாந்து மருத்துவர், குதிரை பூட்டிய வீட்டு வண்டி ஒன்றைக் கட்டுவித்து உல்லாசமாக ஊர் சுற்றினார். அதற்கும் முன்பே நம் வண்டிக்காரர்கள் ரயில் இல்லாத காலத்தில் கோப்பி மூட்டையோடு மாட்டுவண்டியில் நாள்கணக்காகப் போய், வழியில் சமைத்து, வண்டிக்கடியில் படுத்தார்கள். அவர்களுக்கு அது உல்லாசம் அல்ல, பிழைப்பு. வண்டியில் வாழும் வித்தை இரண்டுக்கும் ஒன்றுதான்: எடை, தண்ணீர், நெருப்பு, தூக்கம். இந்த நான்கையும் ஒழுங்காக வைக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் எடை. எங்கள் ட்ரெய்லர் எட்டடி நீளம், ஐந்தடி அகலம். அக்சில் ஒரு பழைய சிறிய காரின் பின்புறத்திலிருந்து கழற்றியது. 2020இலிருந்து ஐந்து வருடம் வாகன இறக்குமதி நின்றிருந்தபோது, நாட்டில் எந்தக் கராஜும் எதையும் தூக்கி எறியவில்லை. அந்தப் பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது.

சட்டம் வெல்டிங் முடிந்து பலகையும் போட்டாயிற்று. பாஸ் உள்ளே போய்ச் சில இடங்களில் மணல் மூட்டைகளை வைத்தார். அலமாரி வரும் இடம், பெட்டரி வரும் இடம், தண்ணீர்க் கான் வரும் இடம். பிறகு கூரை வளையில் ஒரு தொங்கு தராசை மாட்டினார். பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது. கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசு! மின்தராசு வந்தபின் பழைய இரும்புக்கு விற்றதை வாங்கி வைத்திருக்கிறார். ட்ரெய்லரின் மூக்கை அதில் கொழுவி நிலத்திலிருந்து சற்றே தூக்கினார். முள் 38 கிலோவில் நின்றது.

"போதாது டீச்சர்," என்றார். "மொத்தம் 550 கிலோ வரும். அதுல பத்துல ஒரு பங்காவது மூக்குல உட்காரணும். ஏழுல ஒரு பங்குக்கு மேல போகவும் கூடாது. மூக்கு லேசா இருந்தா வால் ஆடும். வால் ஆடினா முன்னுக்குப் போற வண்டியையும் சேர்த்துத்தான் ஆட்டும்."

தண்ணீர்க் கானின் இடத்திலிருந்த மூட்டையை அக்சிலுக்குப் பின்னாலிருந்து முன்னால் நகர்த்தினார்கள். முள் 61க்கு ஏறியது. முக்காலியில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "இந்த முள்ளப் பார்த்துப் பார்த்துத்தான் என் கண்ணு பூத்துப்போச்சு. சாக்குக்குக் கழிச்சு, ஈரத்துக்குக் கழிச்சு, நாம எடுத்தது ஒண்ணு, பேருக்கு நேர விழுறது ஒண்ணு. இங்கனயாவது அது உள்ளதச் சொல்லுது."

நான் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு தலைமுறை தன் உழைப்பு குறைத்துக் காட்டப்படுவதைக் கண்ட தராசு, இன்று அவர் மகனின் கையில் ஒருவருடைய உயிரைக் காக்கும் கருவியாகியிருக்கிறது.

அடுத்தது சில்லு. சின்ன ட்ரெய்லர்கள் வழியில் நிற்பதற்குப் பெரும்பாலும் பெயாரிங்தான் காரணம் என்றார் பாஸ். கோலயா உள்ளங்கையில் ஒரு பெரிய எலுமிச்சை அளவு கிறீஸை எடுத்தான். பெயாரிங்கின் அகன்ற விளிம்பை அதில் வைத்து, கையின் சதையோடு சேர்த்து அழுத்தினான். மறுபடி, மறுபடி. சிறிது நேரத்தில் உருளைகளின் மறுபக்கத்தில் புதுக் கிறீஸ் சிறு சிறு மணிகளாக வெளியே வந்தது. ஒரு விரல் அகலம் திருப்பி மீண்டும் அழுத்தினான். முழு வட்டமும் முடிய ஐந்து நிமிடம். "மேலால பூசினா உள்ளுக்குப் போகாது டீச்சர். உள்ளுக்குப் போன பழைய கிறீஸ் வெளிய வரணும்," என்றான். பிறகு சில்லைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, கொட்டர் பின் போட்டு வளைத்தான். வருடத்துக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும், ஓடினாலும் ஓடாவிட்டாலும். டயரும் அப்படித்தான். பூ தேயாமலே ஐந்தாறு வருடத்தில் பக்கச் சுவர் வெடித்துவிடும்; நிற்கிற வண்டிக்கும் வயது ஏறுகிறது.

இருபது கிலோமீட்டர் ஓடிய பிறகு நிறுத்தி, இரண்டு சில்லின் நடுவையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார் பாஸ். இரண்டும் இளஞ்சூடாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் கொதித்தால் அதோடு பயணம் நிற்கட்டும்.

இறக்கத்தைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் மாறியது. எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் பாதையில் 2025 செப்டெம்பர் 4 இரவு ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். எங்கள் ஊவா மாகாணத்தில் வண்டி ஓட்டுகிற யாரும் அந்த இரவை மறக்கவில்லை. "இறக்கத்துல பிரேக்க மிதிச்சுக்கிட்டே போகக் கூடாது. சூடேறினா பிடிக்காது. எந்தக் கியர்ல ஏறுவீங்களோ அந்தக் கியர்லயே இறங்குங்க. பின்னால அரை டன் தள்ளுதுன்னு மறக்காதீங்க." இணைப்புக் கொக்கி கழன்றாலும் மூக்கு தார்ரோட்டில் குத்தாமல் தாங்க, இரண்டு சங்கிலிகளைக் கொக்கிக்குக் கீழே குறுக்காகப் போட்டார். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து இலக்கத் தகடு வாங்கிய பிறகுதான் வண்டி வாசலைத் தாண்டும் என்பதிலும் அவர் கண்டிப்பாக இருந்தார்.

உள்வேலை தொடங்கிய அன்று நான் ஒரு கடதாசியில் படம் வரைந்துகொண்டு போனேன். பாஸ் அதை மரியாதையாக வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துத் தந்தார். "டீச்சர், பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவுல நாங்க ஏழு பேர் இருந்தோம். எட்டுக்கு அஞ்சுல ரெண்டு பேர வைக்கிறது எனக்குப் பெரிய கஷ்டமில்ல."

அதன்பின் அவர் சொன்னதெல்லாம் லயத்துக் காம்பராவிலிருந்து வந்தவை. ராத்திரிப் படுக்கை பகலில் பெஞ்சாக வேண்டும். ஒரே வேலைக்கு மட்டும் ஓர் இடத்தைக் கொடுக்கக் கூடாது. பாரமானது தரையோடு, லேசானது பரணில். ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் ஆணி. இருட்டில் கை நீட்டினால் அகப்பட வேண்டும். அலமாரிக் கதவுக்குக் காந்தம் போதாது, மலைவளைவில் திறந்துகொள்ளும், கொண்டி வேண்டும். கதவுக்குப் பக்கத்தில் அடுப்பு வேண்டாம், ஏனென்றால் நெருப்புப் பிடித்தால் மனிதர் ஓட வழி வேண்டும். அவருடைய அம்மா நாற்பது வருடம் ஒரு காம்பராவுக்குள் நடத்திய குடித்தனத்தின் இலக்கணம் அது. யாரும் அதை எழுதிவைத்ததில்லை. நான் அங்கே உட்கார்ந்து குறித்துக்கொண்டேன்.

சமையலுக்கு 12.5 கிலோ சிலிண்டர் வேண்டாம், 2.3 கிலோ போதும்; அதையும் வெளியே மூக்கின்மேல் பெட்டி செய்து நிமிர்த்திக் கட்டினார். அந்தப் பெட்டியின் அடியிலும், அடுப்பு இருக்கும் அறையின் தரையோரத்திலும் காற்றுத் துளை. காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். மேலே சன்னல் திறந்திருக்கிறது என்று நம்பிப் படுத்துவிடக் கூடாது.

மின்சாரத்துக்கு 12 வோல்ட், 100 அம்பியர்-மணி பெட்டரி ஒன்று. கணக்குப்படி 1,200 வாட்-மணி. ஈயப் பெட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும், ஆகவே நமக்கு உரியது 600தான். இரண்டு எல்.ஈ.டி. விளக்கு, ஒரு சின்ன விசிறி, இரண்டு போன் என்றால் ஓர் இரவுக்கு 240 போல ஆகும். இரண்டு இரவு தாராளமாகப் போகும். கூரையில் 100 வாட் சூரியத் தகடு ஒன்று போட்டோம். மழைமாதத்தில் மூடுபனி நாள்கணக்கில் படுத்துவிடும் ஊரில் அதை மட்டும் நம்ப வேண்டாம் என்றார்.

ஆனால் அவர் மனம் முழுக்க இருந்தது மூட்டுவாய்களில்தான். ஓடுகிற வீட்டைக் கொல்வது விபத்தைவிடக் கசிவுதான் என்பார். நாங்கள் போனது கச்சான் காற்று அடிக்கிற காலம். தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலையின் அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, காய்ந்து வறண்டு ஊவாவுக்குள் இறங்கும். உலகம் தேடுகிற ஊவாத் தேயிலையின் மணம் அந்தக் காற்றில்தான் பிறக்கிறது. அதே காற்று பலகையை வற்றவைக்கிறது. மூட்டுகள் மயிரிழை மயிரிழையாக விலகுகின்றன. ஒக்டோபரில் மழை வந்து அந்த இழைகளைத் தேடிப்பிடிக்கிறது. ஆகவே இங்கே கூரையைப் பார்க்க வேண்டிய நேரம் செப்டெம்பர் கடைசி: காற்று தன் வேலையை முடித்தபின், மழை தன் வேலையைத் தொடங்குமுன். சிலிக்கனைக் கண்டபடி அப்ப வேண்டாம் என்று தடுத்தார். முதல் வருடம் பிடிக்கும். அது விட்டுப்போனால் அதன்மேல் வேறெதுவும் ஒட்டாது. தகடுகள் சேரும் இடத்தில் பியூட்டைல் நாடாவை இடையில் கொடுத்து, அதன்மேல் பட்டி வைத்துத் திருகாணி இறுக்கினார்.

ஒக்டோபர் முதல் வாரம் வண்டியை எடுக்கப் போனோம். கொடுக்குமுன் ஒரு சோதனை. அம்மா டோர்ச் லைட்டோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கோலயா ஏணியில் ஏறிப் பூவாளியால் தண்ணீர் ஊற்றினான், கீழிருந்து மேலாக, ஒரு மூட்டுக்கு ஐந்து நிமிடம். மேலிருந்து ஊற்றினால் எல்லாம் ஒன்றாக நனையும், எது குற்றவாளி என்று தெரியாது. மூன்றாவது மூட்டில் உள்ளிருந்து குரல் வந்தது: "நிறுத்து!" தண்ணீர் சன்னல் மூலையில் சொட்டியது. அம்மா அந்த மூலையைப் பார்க்கவேயில்லை. விரலைக் கூரையோரமாக வருடிக்கொண்டே போய், அதிலிருந்து இரண்டடி தள்ளி ஓர் ஆணித்தலையில் நிறுத்தினார். "சொட்டுறது ஒரு இடம், நுழையிறது ஒரு இடம். லயத்துல பொறந்தவளுக்கு இது தெரியாதா?"

வண்டியை எங்கே நிறுத்தித் தூங்குவது என்பது பாஸின் கடைசிப் பாடம். மண் வெட்டிய சரிவுக்குக் கீழே ஒருபோதும் வேண்டாம். ஓடை வழக்கத்தைவிடக் கலங்கினால், சரிவில் புது வெடிப்புத் தெரிந்தால், பொருளைப் பாராமல் இறங்கிப் போய்விட வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்சரிவில் புதைந்துபோனதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. நாங்கள் நான்கு பேரும் சிறிது நேரம் பேசாமல் இருந்தோம்.

எங்கள் மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 ஆண்டு நிறைந்ததை 2023இல் நினைவுகூர்ந்தோம். இன்னும் எத்தனையோ குடும்பங்கள் லயத்துக் கூரையின் கீழேதான். இரண்டு கிழவர்கள் உல்லாசமாக ஊர் சுற்ற நனையாத வீடு கட்டிக் கொடுத்த அந்த அம்மாவும் அங்கேதான் இருக்கிறார். எனக்கு அது உறுத்தியது. அதை அவரிடமே சொன்னேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

சுருளில் மூன்று முழம் நாடா மிஞ்சியிருந்தது. பாஸ் அதையும் ஏணியையும் எடுத்துக்கொண்டு லயத்துக்கு ஏறினார். நாங்களும் போனோம். அவர் தகரத்தில் ஊர்ந்தபடி பழைய ஆணித் துளைகளை ஒவ்வொன்றாக அடைத்தார். கீழே நான் ஏணிக்காலைப் பிடித்துக்கொண்டேன். நாலு மணிக்கு மழை பிடித்தது. அம்மா வழக்கம்போல அடுப்படி மூலையில் அலுமினியச் சட்டியை வைத்துவிட்டுக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து, காய்ந்த சட்டியை எடுத்து, அதில் அரிசியைக் கொட்டிக் களையத் தொடங்கினார்.