கராஜில் இரண்டு கதிரைகள்

மருமகளின் திருமணத்துக்காக, மூன்று வாரம் என்று எண்ணிக்கொண்டு, 2020 பெப்ரவரி இறுதியில் ரொறொன்ரோவுக்குப் புறப்பட்டேன். மீண்டும் கொழும்பு மண்ணை மிதித்தது 2021 மார்ச்சில். இடையில் கட்டுநாயக்க விமான நிலையம் பயணிகளுக்கு மூடப்பட்டுவிட்டது. விசேட விமானங்களுக்குப் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தவர்களில் நானும் ஒருவன். மண்டபத்தில் நானூறு பேருக்கு முன்னால் நடக்கவிருந்த திருமணம், ஐயரும் மணமக்களும் பெற்றோரும் நானுமாக அக்கா வீட்டு வரவேற்பறையிலேயே நடந்து முடிந்தது. வீடியோவில் பார்த்தவர்கள் நன்றாக இருந்தது என்றார்கள்.

கோடை எப்படியோ கழிந்தது. நடந்தேன், வாசித்தேன், அக்காவின் தோட்டத்துத் தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றினேன். குளிர்காலந்தான் ஆளைப் பிடித்துக்கொண்டது. நவம்பர் 23ஆம் திகதி ரொறொன்ரோவில் மீண்டும் முடக்கம் தொடங்கியது. பிற்பகல் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடுகிற ஊரில், வேலையுமில்லாமல், கடவுச்சீட்டையும் குளிராடையையும் தவிர வேறு சொத்துமில்லாமல் இருக்கிற ஐம்பத்தைந்து வயதுக்காரன் என்ன செய்வான்? அத்தானோடு கராஜில் உட்கார்ந்தான்.

அத்தான் 1986இல் அகதியாகக் கனடாவுக்கு வந்தவர். தொழிற்சாலையொன்றில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவர். வெள்ளிக்கிழமைகளில் அவருடைய கராஜில் நாலைந்து நண்பர்கள் கூடி முந்நூற்று நாலு விளையாடுவது வழக்கமாம். வெளியார் எவரையும் வீட்டுக்குள் அழைக்கக் கூடாதென்று சட்டம் வந்ததும் அந்தச் சபை கலைந்துபோயிற்று. மிஞ்சிய மடக்குக் கதிரைகளில் இரண்டை விரித்து, நடுவில் மின்சார வெப்பமூட்டியை வைத்து, "தம்பி, சீட்டுக்கு ஆள் காணாது. கதைக்க ரெண்டு பேர் போதும்தானே?" என்றார் அத்தான்.

பியர் வந்து சேர்ந்தது புது மருமகனின் புண்ணியத்தில். அந்தப் பிள்ளைக்கு, பெரிய கம்பனிகளின் பியரை விட்டு ஊருக்கு ஊர் சிறு அளவில் தயாரிக்கிறார்களே, அந்தக் கிராஃப்ட் பியரில் மோகம். தங்கள் கூடங்களில் வாடிக்கையாளரை உட்காரவைத்து ஊற்றிக் கொடுத்து வந்த சிறு தயாரிப்பாளர்கள், கதவு மூடப்பட்டதும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். மாமனாரை வந்து பார்க்க முடியாத மருமகன், அவர்களில் ஒருவரிடமிருந்து பன்னிரண்டு விதமான பேணிகள் அடங்கிய பெட்டியை எங்கள் வாசலுக்கு அனுப்பிவைத்தான். ஒவ்வொன்றும் 473 மில்லிலீற்றர். பேணியின்மேல் திமிங்கிலம், சைக்கிள், மீசைவைத்த பூனை என்று விதவிதமான படங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதைத்தான் தேடிப் படிக்க வேண்டியிருந்தது.

அத்தானைப் பொறுத்தவரை பியர் என்பது விஸ்கிக்கு முதல் தாகத்துக்குக் குடிக்கிற தண்ணீர். முதலாவது பேணியைத் திறந்து ஒரு மிடறு குடித்தவர், "வேப்பம்பட்டை அவிச்ச தண்ணி மாதிரியெல்லே இருக்கு" என்று கிளாசை என் பக்கம் தள்ளினார். அது ஐ.பி.ஏ. எனப்படும் இந்தியா பேல் ஏல். ஹொப்ஸ் என்னும் கொடியின் பூக்காய்களை வரையறையில்லாமல் அள்ளிப்போட்டுத் தயாரிப்பது. அந்தக் கசப்பு பியரைக் கெடாமலும் காக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனின் போ பகுதியில் இருந்த ஹொட்ஜ்சன் என்பவரின் சாலையிலிருந்து இந்தியாவில் இருந்த ஆங்கிலேயருக்குக் கப்பலில் பியர் போனது. அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். இன்று அதில் பெரும்பாலும் போடப்படுவது அமெரிக்க ஹொப்ஸ். இந்தியா பெயரில் மட்டும் இருக்கிறது. 1972இல் நாட்டின் பெயரை மாற்றிய நாங்கள் தேயிலையை மட்டும் இன்னமும் 'சிலோன் ரீ' என்றுதானே விற்கிறோம், அதுபோல.

இரண்டாம் வாரம் அத்தான் ஒரு கொப்பி வாங்கினார். திகதி, பெயர், நிறம், மணம், புள்ளி. தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் வேலை செய்தவராதலால் ஐந்துக்கு நான்குக்கு மேல் எதற்கும் கொடுக்கமாட்டார். விதிவிலக்கு, ஜனவரியில் வந்த ஒரு ஸ்டவுட். கரியதாக வறுத்த பார்லியிலிருந்து வருகிற கோப்பி வாசனை, பின்னால் சற்றே கருப்பட்டி. அதைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே குடிக்கக் கூடாது. கிளாசில் ஊற்றிக் கால் மணிநேரம் கதைத்துக்கொண்டிருந்தால்தான் மணம் மேலே வரும். கராஜுக்கு வெளியே மறை பதின்மூன்று பாகை. உள்ளே முழங்காலுக்குக் கீழே வெப்பம், முதுகில் குளிர். அந்த நிலையில் அந்த ஸ்டவுட் எவ்வளவு இதமாயிருந்தது என்பதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இருந்தது.

எங்கள் நாட்டு லயன் ஸ்டவுட்டும் குறைந்ததல்ல. நுவரெலியாவில் பிறந்த அந்த வகையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் மைக்கல் ஜாக்சன். பாடகரல்ல, பியரைப் பற்றியே எழுதிப் புகழ்பெற்று 2007இல் மறைந்த பிரித்தானிய எழுத்தாளர். இதை அத்தானுக்குச் சொன்னபோது அவர் கேட்டார்: "பியரைப் பற்றியே எழுதிச் சீவிச்சவரோ? தம்பி, நீர் பிழையான பக்கத்திலையெல்லே முப்பது வருசம் இருந்திருக்கிறீர்."

கதை அங்கிருந்து எங்கள் ஊர்த் தவறணைக்குப் போகும். பனங்கள்ளு காலையில் ஒரு குணம், மத்தியானம் ஒரு குணம், மாலையில் வேறொரு குணம். மதுவம் காற்றிலிருந்தே வந்துவிடுகிறது. முட்டியில் சுண்ணாம்பைத் தடவினால் அதே பாளை கருப்பணி தருகிறது. மரத்துக்கு மரம் சுவை வேறு, சீவுகிறவருக்குச் சீவுகிறவர் பக்குவம் வேறு. நாங்கள் பிளாவில் ஏந்திக் குடித்ததைத்தான் இந்த வெள்ளைப் பிள்ளைகள் பேணியில் படம்போட்டு நாலு டொலருக்கு விற்கிறார்கள் என்பது அத்தானின் கட்சி. அன்றைய மாற்றுவீதப்படி அது ஏறத்தாழ அறுநூறு ரூபா. கராஜுக்குள் உட்கார்ந்தும் நான் ரூபாவில்தான் கணக்குப் பார்த்தேன்.

தவறணையில் அரசியல் பேசாதவன் இல்லை. கராஜ் மட்டும் விதிவிலக்காகுமா?

அத்தானுக்கு ஒன்ராறியோ அரசுமேல் தீராத கோபம். "ஒரு டொலருக்குப் பியர்" என்று வாக்குறுதி கொடுத்து 2018இல் ஆட்சிக்கு வந்தவர் டக் ஃபோர்ட். ஆகக்குறைந்த விலையை ஒரு டொலராகக் குறைத்தும் விட்டார். அந்த விலைக்கு விற்க முன்வந்த தயாரிப்பாளர்கள் மிகச் சிலர். அது சிரிப்புக்குரிய விடயம். கோபத்துக்குரியது வேறு. 2020 டிசம்பரில் மக்களை வீட்டிலேயே இருங்கள் என்று அரசு கேட்டுக்கொண்டிருந்தபோது, நிதியமைச்சர் ரொட் பிலிப்ஸ் கரீபியன் தீவொன்றில் விடுமுறையில் இருந்தார். நத்தாருக்கு முதல் நாள், கணப்படுப்பின் அருகில் கையில் கிளாசோடு அவர் பேசுகிற காணொளி வெளிவந்தது. எல்லாம் போகுமுன் பதிவுசெய்து வைத்தது. டிசம்பர் 31ஆம் திகதி பதவி விலகினார். "எங்கட ஊரில எண்டால் விலகியிருப்பாரோ?" என்று நான் கேட்டேன். அத்தான் விடவில்லை. "எங்கட ஊரில எண்டால் காணொளிக்கு ஏன் மினக்கெடுறான்?"

என் பங்குக்கு நான் இலங்கையைத் திட்டினேன். திட்டுவதற்குப் பஞ்சமா? ஒக்டோபர் 22ஆம் திகதி 156 வாக்குகளால் நிறைவேறிய இருபதாவது திருத்தம். கேகாலையில் ஒருவர் தேனும் சாதிக்காயும் கலந்து காய்ச்சிய பாணிக்காக முகக்கவசத்தோடும் இல்லாமலும் முண்டியடித்த ஆயிரக்கணக்கானோர். அதைப் பகிரங்கமாகக் குடித்துக் காட்டி, ஜனவரியில் தானே தொற்றுக்கு உள்ளான சுகாதார அமைச்சர். ஜனவரி 8ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இடித்துத் தள்ளப்பட்ட முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி. அந்த இரவு பியர் இறங்கவில்லை. இருவரும் தொலைபேசித் திரைகளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். அக்கா ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பணிபுரிந்தார். 2020 வசந்தத்தில் ஒன்ராறியோவின் சில இல்லங்களின் நிலைமை கைமீறிப்போக, இராணுவத்தை அனுப்ப வேண்டியிருந்தது. அங்கே கண்டதை இராணுவத்தினர் எழுதிய அறிக்கை மே மாதத்தில் வெளியாகி நாட்டையே உலுக்கியது. அக்கா வேலை செய்த இடம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் இரவு பதினொன்றரைக்குக் கராஜ் கதவு உயரும்போது, நாங்கள் இருவரும் எழுந்து மூலைக்குப் போய்விடுவோம். அக்கா சப்பாத்தையும் மேலாடையையும் அங்கேயே கழற்றிப் பையில் போட்டுக் கட்டிவிட்டு, எங்களைப் பாராமலே குளியலறைக்குப் போவார். இறந்தவர்களின் எண்ணிக்கையை ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு நாள் மட்டும், கதிரைகளுக்கிடையில் கிடந்த வெற்றுப் பேணிகளைப் பார்த்து, "ஒண்டுக்குப் பத்துச் சதம் திருப்பித் தருவினம். நசுக்கிப்போடாதேங்கோ" என்றார். அவ்வளவுதான்.

டிசம்பர் நடுப்பகுதியில் ஓர் இரவு ஒன்பதரை மணிக்கு என் தொலைபேசி அடித்தது. கொழும்பில் அப்போது காலை எட்டு. அழைத்தவரை எங்கள் ஆசிரியபீடத்தில் எல்லோரும் 'நானா' என்றே அழைப்போம். இருபத்துநான்கு வருடம் ஒரே மேசையில் இரவுப் பக்கங்களை முடித்தோம். பக்கம் அச்சுக்குப் போனபின், அதிகாலை ஒரு மணிக்கு மருதானையில் பிளேன்ரீ. நான் வேறு எங்காவது போய் வந்திருந்தால் மணத்திலேயே கண்டுபிடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இஞ்சியைக் கூடப் போடச் சொல்லுவார். எங்கே ஒற்று மிகவில்லை, எங்கே வேண்டாத இடத்தில் மிகுந்துவிட்டது என்பதை நடுச்சாமத்திலும் தவறவிடாத கண் அவருக்கு.

"ஐசே, வாப்பா மௌத்தாகிட்டார்" என்றார். பிறகு, "எரிக்கப் போறாங்க."

தொற்றினால் இறந்தவர்களைப் புதைக்கலாம், எரிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருந்தும், இலங்கையில் 2020 ஏப்ரலில் வந்த வர்த்தமானி தகனத்தை மட்டுமே அனுமதித்தது. அதை எதிர்த்த மனுக்களை உயர் நீதிமன்றம் டிசம்பர் 1ஆம் திகதி தள்ளுபடி செய்தது. பிறந்து இருபது நாளான குழந்தையொன்று பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டதும் அந்த மாதத்தில்தான். பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். இரவோடிரவாக அவை அகற்றப்பட்டன.

இவையெல்லாம் எனக்குத் தெரிந்த செய்திகள். முதல்நாள் இரவுதான் அதே கதிரையிலிருந்து, கையில் கிளாசோடு, இந்தத் தகனக் கட்டளைக்கும் இருபதாவது திருத்தத்துக்கும் உள்ள தொடர்பை அத்தானுக்கு அரைமணிநேரம் விளக்கியிருந்தேன். நன்றாகத்தான் விளக்கினேன். குழந்தையின் கதையை என் வாதத்துக்கு ஓர் உதாரணமாகச் சொன்னேன். இப்போது நானாவிடம் சொல்ல ஒரு வசனமும் வரவில்லை. "எப்ப?" என்று மட்டும் கேட்டேன். "பின்னேரம்" என்றார். சற்றுநேரம் இருவரும் பேசவில்லை. "நீங்க எழுதுங்க" என்று வைத்துவிட்டார்.

அன்றிரவே எழுதினேன். அறுநூறு சொற்கள். நான் முப்பது வருடம் பணியாற்றிய நாளிதழுக்கு அனுப்பினேன். பக்கங்கள் குறைக்கப்பட்டு, சம்பளமும் பாதியாகியிருந்த காலம். இரண்டு நாள் கழித்து, இடமில்லை என்று பதில் வந்தது. இடமில்லை என்பதன் பொருள் என்னவென்று, அதே பதிலைப் பலருக்கும் எழுதியிருக்கிற எனக்குத் தெரியாதா? பிரதியை நானாவுக்கு அனுப்பிவைத்தேன். பதிலில்லை.

2021 பெப்ரவரி இறுதியில் புதைப்பதற்கு அனுமதி கிடைத்தது. மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. அந்த மாதம் நானும் வந்து சேர்ந்தேன். விமான நிலையத்தில் அத்தான் தன் கொப்பியின் ஒரு பக்கத்தைக் கிழித்துத் தந்தார். அந்த ஸ்டவுட்டின் பெயரும், ஐந்துக்கு நாலரை என்ற புள்ளியும். பதினான்கு நாள் விடுதித் தனிமையில் அதைப் பலமுறை வாசித்தேன். வாசிப்பதற்கு வேறு அதிகம் இருக்கவில்லை.

தனிமை முடிந்து மூன்றாம் நாள் தெமட்டகொடையில் நானாவின் வீட்டுக்குப் போனேன். இஞ்சித் தேநீர் வந்தது. சாம்பலை வாங்கப் போகவில்லை என்றார். வாப்பா இருந்த அறையில் இப்போது பேரப்பிள்ளைகள் இணையவழிப் பாடம் படிக்கிறார்கள். அங்கே குளிரில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். "பியர் குடிச்சு அரசியல் பேசினம்" என்றேன். சிரித்தார். "இஞ்ச இருந்தா அதுவும் இல்ல."

பிறகு எழுந்துபோய் ஒரு கடித உறையைக் கொண்டுவந்தார். என் கட்டுரை, அச்செடுத்து, ஓரமெல்லாம் சிவப்பு மை. "போடாட்டியும் பரவாயில்ல ஐசே. நான் ப்ரூப் பாத்து வெச்சிருக்கேன்."

மூன்று இடங்களில் ஒற்றைச் சேர்த்திருந்தார். 'கண்ணீர்' என்ற சொல் வந்த வசனம் ஒன்றை முழுதாக வெட்டியிருந்தார். வாப்பாவின் வயதை நான் 81 என்று எழுதியிருந்தேன். அதை அடித்து, மேலே 82 என்று எழுதி, வட்டமிட்டிருந்தார்.